ஆறு விசிலும் இரண்டு நிமிடமும்

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி என்றால் ஆறு விசில். அம்மா கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். இந்தக் கணக்கில் அவரிடம் மறுபேச்சு கிடையாது. குக்கர் ஆறு முறை கூவி அடங்க வேண்டும். பிறகு கறியை இரும்புச் சட்டிக்கு மாற்றி, தேங்காய்ச் சில்லும் கறிவேப்பிலையும் இடித்த மிளகும் சேர்த்து, நீர் சுண்டி நிறம் கறுக்கும்வரை புரட்ட வேண்டும். அடுப்பு பற்றவைத்ததிலிருந்து தட்டுக்கு வரும்வரை ஒன்றேகால் மணி நேரம். கோயிலிலிருந்து திரும்பியதும் ஏற்றினால் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டில், போன மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில், மாட்டுக்கறியை இரண்டே நிமிடம் வதக்கி நூடுல்ஸில் புரட்டித் தரப்போகிறேன் என்று அறிவித்தேன்.

"மக்களே, அது வேகாது" என்றார் அம்மா. வாதாடவில்லை. குக்கரைக் கழுவித் துடைத்து, என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, செய்தித்தாளோடு பால்கனிக்குப் போய்விட்டார்.

அன்று அவர் சொன்னதே நடந்தது. கறி செருப்புத் தோல், நூடுல்ஸ் களி. நாய்க்குப் போடலாம் என்றால் நாயும் இல்லை. அடுத்த ஞாயிறு இன்னொரு விதமாகக் கெட்டது. மூன்றாம் ஞாயிறுதான் எனக்கு விடிந்தது.

இந்த உணவை நான் பார்த்துப் பழகியது சிங்கப்பூரில். ஜூரோங் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் ஏழு ஆண்டு வேலை. அடுக்குமாடி வீடொன்றில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்காரர் எழுபதை நெருங்கிய, கான்டனீஸ் மொழி பேசும் சீனப் பெண்மணி. அந்த ஊர் வழக்கப்படி நான் அவரை ஆன்ட்டி என்பேன். அவர் என்னை 'பாய்' என்பார், பையன் என்ற பொருளில். எனக்கு அப்போது வயது முப்பத்துநான்கு. இப்போது சென்னையில் கறிக்கடைக்காரரை நான் 'பாய்' என்று கூப்பிடும்போதெல்லாம் ஆன்ட்டியின் குரல் ஒரு கணம் குறுக்கிடும்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆன்ட்டி தன் கணவருக்காக மாட்டிறைச்சி ஹோ ஃபன் செய்வார். ஹோ ஃபன் என்பது பட்டையான அரிசி நூடுல்ஸ். எனக்கும் ஒரு தட்டு வரும். அவருடைய தட்டில் மட்டும் கறி இருக்காது. முட்டையும் கீரையும் போட்ட வேறு நூடுல்ஸ். குவான் யின் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு மாட்டிறைச்சியை விட்டவர் அவர். அந்தத் தலைமுறைச் சிங்கப்பூர்ச் சீனர்களில் இப்படி விட்டவர்கள் நிறையப் பேர். தெய்வத்துக்காக விட்டவர்கள் உண்டு. ஏர் இழுத்த மாட்டைத் தின்பதா என்ற பழைய உழவர் எண்ணத்தில் விட்டவர்களும் உண்டு. தான் தின்னாத ஒன்றை, நாக்கில் வைத்துப் பார்க்காமல், கண்ணையும் மூக்கையும் மட்டும் நம்பி அவர் சமைப்பதைச் சமையலறை வாசலில் நின்று பார்ப்பேன். ஒரு வெள்ளிக்கிழமைகூட உப்பு பிசகியதில்லை.

கான்டனீஸில் இதன் பெயர் 'கோன் ச்சாவ் ங்காவ் ஹோ'. கோன் என்றால் உலர்ந்தது. ச்சாவ் என்றால் வதக்குவது. ங்காவ் என்றால் மாடு. அரிச்சுவடியில் இடம் பிடித்துக்கொண்டு வேலை எதுவும் செய்யாத எழுத்து என்று 'ங'வைப் பற்றி நினைத்திருந்தேன். கான்டனீஸில் மாடே அதில்தான் தொடங்குகிறது. ஹோ என்றால் ஆறு. எல்லாவற்றையும் சேர்த்து நேராகப் பெயர்த்தால் மாட்டை ஆற்றில் இறக்கியது போல் ஆகிவிடும். அந்த ஆறு உண்மையில் ஓர் ஊர்ப்பெயரின் பின்பாதி. தென்சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஷாஹ என்றொரு பகுதி இருக்கிறது; மணல் ஆறு என்று பொருள். அங்கே செய்த பட்டையான அரிசி நூடுல்ஸ் பேர்போனது. மணப்பாறை முறுக்குப் போல ஊரின் பெயர் பண்டத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஊரின் முன்பாதியும் உதிர்ந்து ஹோ மட்டும் நின்றுவிட்டது.

மாவு கரைத்த கெட்டிக் குழம்பை மேலே ஊற்றித் தரும் ஈர வகையும் உண்டு. சிங்கப்பூர் கடைகளில் ஹோ ஃபன் என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் அதுதான் வரும். போர்க்காலத்தில் குழம்பைக் கெட்டியாக்க மாவு கிடைக்காமல் போனதால் உலர் வகை பிறந்தது என்று குவாங்சோவில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, குழம்பு எல்லாக் குறையையும் மூடிவிடும் என்பது உண்மை. உலர் வகையில் ஒளிய இடமில்லை. நூடுல்ஸ் உடையக் கூடாது, ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. கறியின் விளிம்பு கருக வேண்டும், நடு மிருதுவாக இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த தட்டில் எண்ணெய் தேங்கியிருக்கக் கூடாது. கான்டனீஸ் சமையலறைகளில் ஒருவரின் கைத்திறனை எடைபோட இதைச் செய்யச் சொல்வது வழக்கம். நம்மூரில் ரசம் வைக்கச் சொல்லிப் பார்ப்பதுபோல.

ஹோ ஃபனை எப்படிச் செய்வது என்று ஆன்ட்டி ஒரு நாள் கையால் காற்றில் வரைந்து விளக்கினார். ஊறவைத்த அரிசியை மையாக அரைத்து, நீர்க்கக் கரைத்து, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாக ஊற்றி, ஆவியில் வேகவைத்து, உரித்தெடுத்துச் சுருட்டி நறுக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு மயிலாப்பூரில் நாங்கள் முன்பு குடியிருந்த சந்து நினைவுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு மாமி கோடைதோறும் இலை வடாம் போடுவார். வெயிலில் காயப் போடுவதற்கு முன் ஈர வடாமை இலையிலிருந்து உரித்து, சுருட்டி, வாசலில் நிற்கும் பிள்ளைகள் கையில் ஒவ்வொன்று தருவார். சீரகத்தையும் பெருங்காயத்தையும் எடுத்துவிட்டால் அது ஹோ ஃபன்தான். இந்தச் செய்தியை மாமியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. என்ன சாப்பாட்டில் சேர்கிறது என்று அவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சென்னையில் இந்தப் பட்டை நூடுல்ஸ் பச்சையாகக் கிடைப்பது அரிது. உலர்ந்தது பாக்கெட்டில் கிடைக்கிறது. என் முதல் ஞாயிற்றின் முதல் தவறு அங்கேதான். கொதிக்கும் நீரில் எட்டு நிமிடம் வேகவைத்தேன். அப்போது சரியாகத்தான் இருந்தது. வாணலியில் விழுந்ததும் குழைந்துவிட்டது. உலர்ந்த அரிசி நூடுல்ஸைக் கொதிக்கவைக்கவே கூடாது. சாதாரணத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊறப் போட்டு, வளைத்தால் உடையாமல் வளைகிற பதத்தில் எடுத்து, கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, வடித்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறி, தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். மிச்ச வேக்காடு வாணலியில் நடக்கும்.

பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். பச்சரிசி மாவு 150 கிராம், மரவள்ளி மாவு 50 கிராம், தண்ணீர் 400 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி எண்ணெய். மரவள்ளி மாவு என்பது ஜவ்வரிசி ஆவதற்கு முந்தைய வெள்ளைப் பொடி, சேலத்துச் சரக்கு. இழுவை அதிலிருந்துதான் வருகிறது. அரிசி மாவு மட்டும் போட்டால் மடிக்கும் இடத்தில் விண்டுவிடும். கரைத்து அரை மணி நேரம் வைத்திருந்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஊற்றுமுன் அடி கலக்கி ஊற்றி, நான்கைந்து நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். சூட்டோடு உரிக்கப் போனால் கிழியும், நன்றாக ஆறட்டும். செய்த அன்றே தின்றுவிட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் பழைய இட்லி போல விறைத்துவிடும். அரிசியின் ஸ்டார்ச் குளிரில் மீண்டும் இறுகிக்கொள்ளும். அதை அப்படியே வாணலியில் போட்டால் நொறுங்கத்தான் செய்யும்.

இனி கறி.

அம்மாவின் ஆறு விசில் வெறும் பழக்கத்தால் வந்தது அன்று. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பத்து வயது கடந்து, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம் என்பது அதன் சாரம். எருமையும் அந்தச் சட்டத்துக்குள் வரும். ஆக நம் சட்டிக்கு வருவது பெரும்பாலும் ஆயுள் முழுக்க உழைத்த உடம்பு. தசைகளைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் வயது ஏற ஏறக் குறுக்குப் பிணைப்புகளால் இறுகிக்கொண்டே போகும். அதை இளக்கிப் பிசினாக்க ஈரமான சூடும் நீண்ட நேரமும் வேண்டும். குக்கர் செய்வது அதைத்தான். நாஞ்சில் நாட்டு வறுவலிலிருந்து ஆம்பூர் பிரியாணி வரை இந்தப் பக்கத்து மாட்டுக்கறிச் சமையல் நேரத்தை நம்பியே நடப்பதற்கு அந்த வயதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆன்ட்டி வாங்கியதோ ஆஸ்திரேலியாவிலிருந்து குளிரூட்டி வந்த இளமாட்டுக் கறி. அதற்கு இரண்டு நிமிடம் போதும். அவருடைய கடிகாரத்தை நம் மாட்டின் மீது வைத்துப் பார்த்தது என் அசட்டுத்தனம்.

முதல் ஞாயிறு நான் வாங்கியது தொடைக்கறி. அதுவும் குழம்புக்கு வெட்டிய துண்டுகள்; வீட்டில் அவற்றையே மெல்லியதாகச் சீவினேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மாலைவரை பேசாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாம் வாரம் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"குழம்புக்கா, வறுவலுக்கா சார்?"

"நூடுல்ஸுக்கு, பாய்."

கத்தியைத் துடைத்தபடி சற்று யோசித்தார். "அப்படியென்றால் அண்டர்கட்தான். சனிக்கிழமையே சொல்லிவைத்துவிடுங்கள், காலையில் ஓட்டல்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்" என்றார்.

அண்டர்கட் என்பது முதுகெலும்புக்கு அடியில், உட்பக்கமாக ஓடும் நீளத் தசை. நடப்பதிலும் இழுப்பதிலும் அதற்குப் பெரிய பங்கில்லை. பத்து வயது மாட்டிலும் உழைக்காமல் காலம் தள்ளிய ஒரே அங்கம் அதுவாகத்தான் இருக்கும். விலை கூடுதல். முந்நூறு கிராம் போதும் என்றாலும் முழு நீளத்தையும் வாங்கிக்கொண்டேன். காரணம் பிறகு.

கறியை உறைபெட்டியில் நாற்பது நிமிடம் வைத்தேன். கல்லாக உறையக் கூடாது. அழுத்தினால் குளிர்ந்த வெண்ணெய்க் கட்டி போலக் கை ஏற்க வேண்டும். அப்போதுதான் கத்தி வழுக்காமல் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சீவ வரும். சீவுவதற்கு முன் கறியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தால் துணியின் இழை போலத் தெரியும். கத்தி அந்த இழைக்குக் குறுக்கே இறங்க வேண்டும். சரியாகச் சீவிய துண்டின் முகத்தில் நீளக் கோடுகள் தெரியாது. விறகின் வெட்டுமுகம் போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் அது தானாகப் பிரிய வேண்டும். முதல் வாரத்துத் துண்டுகள் இழுத்தால் ரப்பர் பட்டை போல நீண்டன.

அடுத்தது ஆன்ட்டியின் ரகசியம், ஆப்ப சோடா. இதில்தான் இரண்டாம் ஞாயிறு போனது. கறி முரடாயிற்றே என்று ஒரு தேக்கரண்டி நிறையப் போட்டேன். கறி மெத்தென்று வந்தது. வாயில் வைத்தால் துணி சோப்பு. அம்மா ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "துவைத்துவிட்டாயா?" என்று கேட்டார். முந்நூறு கிராம் கறிக்குக் கால் தேக்கரண்டி சோடா, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், இருபது நிமிடம். அவ்வளவுதான் கணக்கு. பிறகு குழாய்த் தண்ணீரில் அலசி, கையால் பிழிந்துவிட வேண்டும். காரத்தன்மை ஏறிய இடத்தில் கறியின் புரதங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். சூடு பட்டதும் இறுகிச் சுருண்டு சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளாது. அண்டர்கட்டுக்கு இது அவசியமா என்றால், இளமாட்டுக்குத் தேவைப்படாது. நம் மாட்டுக்குத் தேவைப்படுகிறது.

பிழிந்த கறியில் வெளிர் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, அரைத் தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி சோள மாவு, கொஞ்சம் வெள்ளை மிளகுத் தூள், கடைசியாக ஒரு கரண்டி எண்ணெய். சோள மாவு என்றால் சூப்புக்குப் போடும் வெள்ளைப் பொடி. ரொட்டி தட்டும் சோள மாவு அன்று. சோயா சாஸில் இரண்டு வகை உண்டு. வெளிர்ந்தது உப்புக்கு, கறுத்தது நிறத்துக்கு. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் கறுத்ததை உப்புக்காக ஊற்றினால் தட்டு தார் பூசியது போலாகும். எண்ணெய்க்கு நம் கடலெண்ணெயே பொருத்தம். கான்டனீஸ் சமையலிலும் அதைத்தான் விரும்புவார்கள். இந்த ஒரு பொருளுக்காவது நான் ஊர் சுற்ற வேண்டியிருக்கவில்லை.

முளைப்பயறுக்குத்தான் சுற்றினேன். நம் கடைகளில் பாக்கெட்டில் வருவது சாலட்டுக்கு முளைகட்டிய பயறு. அரை அங்குல வால். இதற்கு வேண்டியதோ விரல் நீளத்துக்கு வெளுத்துக் கொழுத்த தண்டு. அதே பாசிப்பயறுதான். இருட்டில், மேலே பாரம் வைத்து, நாளைக்கு நான்கைந்து முறை தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும். பாரம் இல்லாவிட்டால் நூல் போல மெலிந்து ஓடிவிடும். ஓட்டைகள் கொண்ட புட்டுத் தட்டின் மேல் ஈரத்துணி, அதன் மேல் பயறு, மறுபடி துணி, மேலே அம்மிக் குழவி. ஐந்தாம் நாள் எடுத்தேன். தலையையும் வாலையும் கிள்ளிவிட்டால் மிஞ்சும் தண்டைக் கான்டனீஸில் வெள்ளி முளை என்பார்கள். ஆன்ட்டி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே ஒரு கூடை கிள்ளுவார். நான் பத்து நிமிடத்தில் கைவிட்டேன். பாதி வெள்ளி, பாதி தகரம். இது கிடைக்காதவர்கள் முட்டைக்கோசை நூலாக அரிந்து போடலாம், குடி முழுகாது.

வெங்காயத்தாளை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு வெங்காயம். இஞ்சி இரண்டு வில்லை.

இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா, பச்சை மிளகாய் என்று கை நீளும். நீளக் கூடாது. மசாலா நூடுல்ஸ் வேண்டுமென்றால் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழ் முஸ்லிம்களின் கைவண்ணமான மீ கோரெங் இருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் பாரிமுனைப் பக்கம் விற்கும் அத்தோ இருக்கிறது, புளித்தண்ணீரும் வறுத்த வெங்காயமுமாக. இரண்டும் எனக்கு உயிர். ஆனால் இந்தத் தட்டில் கறியும் அரிசியும் நெருப்பும் மட்டும் பேச வேண்டும்.

நெருப்புக்குக் கான்டனீஸ்காரர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: வொக் ஹேய். வாணலியின் மூச்சு என்று சொல்லலாம். கடைச் சாப்பாட்டில் நாக்கில் படும் அந்த லேசான புகைமணம். கடை அடுப்பு வீட்டு அடுப்பைவிட ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி கொண்டது. அதன் மேல் சமையல்காரர் வாணலியைத் தூக்கி ஆட்டிக்கொண்டே இருப்பார். 2020இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஐந்து சமையல்காரர்கள் வறுத்த சோறு கிளறுவதைப் படம்பிடித்து அளந்தார்கள்: நொடிக்கு ஏறக்குறைய மூன்று வீச்சு. பருக்கை காற்றில் பறக்கும் அந்தச் சிறு நேரம்தான் அதைக் கருகாமல் காப்பாற்றுகிறது. சமையல்காரர்களுக்குத் தோள்வலி வருவதற்கும் அந்த வீச்சுதான் காரணம். வீட்டில் இதைப் பின்பற்றப் பார்ப்பது வீண். வீட்டு அடுப்பிலிருந்து வாணலியைத் தூக்கினால் சூடு இறங்கும், அவ்வளவுதான் நடக்கும்.

இரண்டாம் ஞாயிறு சோப்பைத் தவிர இன்னொன்றும் நடந்திருந்தது. முந்நூறு கிராம் கறியையும் ஒரே தடவையில் வாணலியில் கொட்டினேன். சொய்யென்ற சத்தம் நான்கு நொடியில் அடங்கி, கறி தன் சாற்றிலேயே கொதிக்க ஆரம்பித்தது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து மணம் கிளம்ப ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். மெல்லிய வாணலிக்கும் சின்ன அடுப்புக்கும் அந்த ஈரத்தை வெல்லத் தெம்பில்லை.

விடை எதிரிலேயே சாய்ந்து நின்றது. தோசைக்கல்.

எங்கள் தோசைக்கல் அம்மாவின் கல்யாணச் சீர். அரை அங்குலக் கனம். ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு புகார் சொல்லும். சூடேறப் பத்து நிமிடம் எடுக்கும், ஏறிய பிறகு லேசில் விடாது. அடுப்பால் தர முடியாத வேகத்தை இரும்பு முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்கிறது. பதம் பார்ப்பதும் தோசைக்குப் பார்ப்பதுதான், ஒரு படி கூடுதலாக: தண்ணீர் தெளித்தால் சீறிக் காய்ந்தால் போதாது, முத்துப்போல உருண்டு ஓட வேண்டும். துளிக்கு அடியில் ஆவி மெத்தை விரித்துக்கொள்வதால் அப்படி ஓடுகிறது. இதை 1756இல் எழுதிவைத்த லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் இந்த நிகழ்வை அழைக்கிறார்கள். நம் பாட்டிகள் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு, பன்னிரண்டரை மணி. சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, புகைவிசிறியை முடுக்கினேன். மாட்டுக்கறி சமைப்போம் என்று சொல்லிச் சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குப் புகையும் வாசமும் எந்த ஜன்னல் வழியாகப் போகிறது என்ற கவனம் தானாக வந்துவிடும். ஒரு அடுப்பில் தோசைக்கல், மற்றொன்றில் வாணலி. எல்லாப் பொருளும் கிண்ணம் கிண்ணமாகக் கைக்குப் பக்கத்தில். தொடங்கிய பிறகு சோயா பாட்டிலைத் தேடினால் கதை முடிந்தது.

கல்லில் எண்ணெய் வட்டமாகச் சுற்றிப் புகை கிளம்பியதும் கறியில் பாதியை மட்டும் எடுத்து, துண்டு துண்டாகப் பரப்பினேன். பரப்பியதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கிளறத் துடிக்கும், கிளறக் கூடாது. நாற்பது நொடி. விளிம்பு பழுப்பேறியதும் தோசைத் திருப்பியால் ஒரே புரட்டு, இன்னொரு இருபது நொடி, தட்டுக்கு. உள்ளே இன்னும் இளஞ்சிவப்பு இருந்தது. இருக்கட்டும், அது மறுபடி நெருப்புக்கு வரும். கல் மீண்டும் புகையும்வரை காத்திருந்து மறுபாதி.

அதற்குள் வாணலியும் காய்ந்திருந்தது. சட்டி சூடு, எண்ணெய் குளிர் என்பது கான்டனீஸ் சமையலறை வாக்கு: காய்ந்த வாணலியில் எண்ணெயை ஊற்றிய கையோடு பொருளைப் போட வேண்டும், அப்போதுதான் அடிப்பிடிக்காது. இஞ்சி, வெங்காயம், பத்து நொடி. நூடுல்ஸை உதிர்த்துப் போட்டுக் கால் நிமிடம் தொடாமல் விட்டேன். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நீளக் குச்சிகளால் அடியிலிருந்து தூக்கித் தூக்கி விட்டேன். கரண்டியால் கிளறினால் பட்டைகள் அரைபடும். வெளிர் சோயா ஒன்றரை மேசைக்கரண்டி, கறுப்பு சோயா ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகைச் சர்க்கரை; முன்பே கலந்து வைத்ததை நூடுல்ஸ் மேல் ஊற்றாமல் வாணலியின் சூடான ஓரத்தில் வளையமாக விட்டேன். சீறிக் கருகி மணம் எழுந்தது. ஜூரோங் வீட்டின் தாழ்வாரம் ஒரு நொடி வந்து போனது. கறி, முளைப்பயறு, வெங்காயத்தாள். நான்கு தூக்கு. அடுப்பை அணைத்தேன்.

இரண்டு நிமிடம் என்று சொன்னது பொய். கறிக்கு இரண்டு முறையும் சேர்த்து இரண்டு நிமிடம், நூடுல்ஸுக்கு ஒன்றரை. அதற்கு முன்னால் உறையவைக்க, ஊறவைக்க, ஆவியில் வைக்க, கிள்ள என்று இரண்டு மணி நேரம், முளைப்பயறின் ஐந்து நாள் தனி. அம்மாவின் வறுவல் இதைவிடச் சீக்கிரம் முடியும்.

அம்மா தட்டை வாங்கி, முதலில் கறியைத் தனியாக எடுத்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். வாயில் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல், பால்கனிப் பக்கம் பார்த்தபடி மென்றார். வெகுநேரம் மெல்லவில்லை. அதுவே எனக்குப் போதும்.

"வெந்திருக்கிறது" என்றார். பிறகு, "மிளகு இன்னும் கொஞ்சம் இடித்துப் போட்டிருக்கலாம்." நூடுல்ஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, இரண்டாவது முறை தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் எண்ணெய் தேங்கியிருந்தது, பத்துப் பைசா அளவுக்கு. ஆன்ட்டி பார்த்திருந்தால் 'பாய்' என்று ஓர் இழுப்பு இழுத்திருப்பார்.

முழு அண்டர்கட்டையும் வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது என்றேன். சீவும்போது வாலும் முனையும் வெள்ளைச் சவ்வுமாக மிஞ்சும்; அவற்றை நூடுல்ஸில் போட முடியாது. எஞ்சிய கறியோடு அவற்றையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தேன். நான் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா அந்தக் கிண்ணத்தைக் குக்கரில் கவிழ்த்து, மஞ்சளும் உப்பும் போட்டு மூடி, காலியான அடுப்பில் ஏற்றினார். தேங்காய் எடுக்கச் சொன்னார். நான் சில்லு கீறி முடிப்பதற்குள் நான்காவது விசில் வந்துவிட்டது.